பூட்ஸ் இல்லாததாலா போகவில்லை? இந்தியக் கால்பந்துக் கோஷ்டியின் கதை

திருப்பூர் காதர்பேட்டை. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயங்கள் தொடங்கியிருந்த சமயம்.

ஒரு பனியன் கடைக்குள் நுழைந்தேன். அடேயப்பா! எங்கே பார்த்தாலும் மஞ்சள். மஞ்சளுக்குப் பக்கத்தில், வெள்ளையும் வெளிர் நீலமும் பட்டை பட்டையாக இன்னொரு குவியல். மஞ்சள் பிரேசில் நாட்டுச் சட்டை. பட்டை போட்டது அர்ஜென்டினா நாட்டுச் சட்டை. இரண்டும் பாலக்காட்டு வழியாகக் கேரளத்துக்குப் போகிற சரக்கு. உலகக் கோப்பை வந்துவிட்டால் அங்கே ஊரெல்லாம் கலியாண வீடுதான். அந்த ஆண்டு கோழிக்கோட்டுக்கு அருகே புள்ளாவூரில், ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் பிரம்மாண்டமான உருவப் படங்களை நிறுத்தி வைத்தார்கள் ரசிகர்கள். அந்தக் காட்சி உலகமெல்லாம் சுற்றி வந்தது.

கடைக்கு ஒரு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். தகப்பனார் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம்.

"ஏனுங்க, இந்தியா சட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டார் தகப்பனார்.

"கிரிக்கெட்டுங்களா?"

"இல்லீங்க. பையன் புட்பால் ஆடறானுங்க. அந்த டீம் சட்டைதான் வேணும்னு ஒரே புடிவாதம்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். பையனைப் பார்த்து, "அட ஏங் கண்ணு! பூட்ஸ் போட்டுத்தான் ஆடோணும்னு சொன்னதுக்கு, அப்படீன்னா நாங்க வரலைன்னு உலகக் கோப்பைக்கே போகாத டீமாச்சே அது! அதையெல்லாம் யாரு கேக்கறா?" என்றார்.

பையனின் முகம் சுண்டிப் போயிற்று.

கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. அது அவர் கட்டிய கதை அல்ல. பல ஆண்டுகளாக நாடு முழுவதும் சொல்லப்படுகிற கதை. படித்தவர்களும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் கேட்டதுண்டு, சிரித்ததும் உண்டு. ஆனால் அது உண்மைதானா?

மஞ்சள் சட்டை பிறந்த கதை

முதலில் அந்த மஞ்சள் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் அதைத் தைக்கிறவர்களே அறியாத சங்கதி இது.

பிரேசில் கோஷ்டி ஆதியில் வெள்ளைச் சட்டைதான் போட்டது. 1950இல் உலகக் கோப்பை பிரேசில் நாட்டிலேயே நடந்தது. ஜூலை 16ஆம் தேதி, ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில், உருகுவே நாட்டோடு கடைசிப் பந்தயம். பிரேசில்தான் வெல்லும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. உருகுவே 2-1 என்று வென்றுவிட்டது! நாடே இழவு வீடு போலாயிற்று. அந்த வெள்ளைச் சட்டை ராசி கெட்டது என்று ஜனங்கள் வெறுத்தார்கள். தேசியக் கொடியின் நாலு நிறங்களையும் வைத்துப் புதுச் சட்டை வரைந்து தரும்படி ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. 1953இல் அதில் வென்றவர் அல்டிர் ஷ்லீ என்ற 19 வயது வாலிபர். உருகுவே எல்லையோர ஊர்க்காரர். வேடிக்கை என்னவென்றால், அவர் மனம் உருகுவே கோஷ்டியின் பக்கம்தான்! அவர் வரைந்த மஞ்சள் சட்டைதான் இன்று காதர்பேட்டையில் குவிந்து கிடக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 1950 உலகக் கோப்பைக்குத்தான் இந்தியாவும் போயிருக்க வேண்டும். அந்த மைதானங்களில் நம் பிள்ளைகளும் ஆடியிருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. தகுதிப் பந்தயத்தில் நம்மோடு மோத வேண்டிய பிலிப்பைன்ஸ், பர்மா, இந்தோனேசியா ஆகியவை விலகிக்கொண்டன. ஒரு பந்தயமும் ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இவற்றோடு ஒரே பிரிவில் ஆட வேண்டும் என்று சீட்டும் குலுக்கிப் போட்டாயிற்று. பிரயாணச் செலவில் பெரும் பகுதியைத் தாங்களே ஏற்பதாகப் பிரேசில்காரர்கள் சொன்னார்கள். அப்படியும் நாம் போகவில்லை.

காரணம் என்ன? பயிற்சிக்கு அவகாசம் போதவில்லை, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அபிப்பிராய பேதம் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சொல்லியது. கப்பலில் போய் வர மாதக்கணக்கில் ஆகும் என்ற மலைப்பும் இருந்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அன்றைக்கு நம் அதிகாரிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பையின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் சைலேன் மன்னாவே பூட்ஸ் கதையை மறுத்தார். அடுத்த ஆண்டே இந்தியக் கோஷ்டிக்குக் காப்டனாக இருந்தவர் அவர்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். யாரும் அவர்களை வெளியே தள்ளவில்லை. 1952இல் ஆடலாம் என்றால் 1950இல் மட்டும் எப்படித் தடை வந்திருக்கும்?

போகாதது அதிகாரிகளின் தவறு. பழி விழுந்தது ஆட்டக்காரர்களின் கால் மேல்!

வெறுங்கால் வீரர்கள்

வெறுங்கால் ஆட்டம் என்பது கேலிக்குரிய விஷயமே அல்ல. ஒரு காலத்தில் இந்தியா மார் தட்டிய விஷயம் அது.

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. ஷீல்டு கடைசிப் பந்தயம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளம். கால்களில் கனத்த பூட்ஸ். மறு பக்கம் மோகன் பகான் என்ற வங்காளிக் கோஷ்டி. 11 பேரில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்கால். காப்டன் சிவதாஸ் பாதுரி. மோகன் பகான் 2-1 என்று வென்றது. வெள்ளைக்காரனை அவன் கற்றுக் கொடுத்த ஆட்டத்திலேயே வெல்லலாம் என்ற செய்தி தேசமெங்கும் பரவியது.

(அதே கல்கத்தாதான் அக்காலத்தில் பனியன் தொழிலுக்கும் தலைநகரம். திருப்பூர் அந்தத் தொழிலில் கால் வைத்தது 1920களில்தான். பிறகு கல்கத்தாவை முந்தியது தனிக் கதை.)

சுதந்திரம் வந்தது. 1948இல் லண்டன் ஒலிம்பிக். தொடக்க விழா அணிவகுப்பில் இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் கால்பந்துக் காப்டன் தாலிமேரன் ஆவ். நாகர் குலத்தவர், கல்கத்தாவில் வைத்தியம் படித்தவர். 1932இல் கொடியைக் கீழே விடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரன் பிறந்த சீமை இது. 16 வருஷம் கழித்து அரசர் முன்னிலையில், லண்டன் நகரில், மூவர்ணக் கொடி பறந்தது என்றால் அதன் பொருளைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா?

ஜூலை 31ஆம் தேதி, இல்போர்டு மைதானத்தில் பிரான்ஸ் நாட்டோடு பந்தயம். நம்மவர்களில் மூன்று பேர் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலிலோ, காலுறையோடோ, துணிக்கட்டோடோ இறங்கினார்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. பிற்பாதியில் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அதுதான்! கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் நம்மவர்கள் கோட்டை விட்டார்கள். பந்தயம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோற்றவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஏன் பூட்ஸ் போடுவதில்லை என்று வெள்ளைக்கார நிருபர்கள் கேட்டார்களாம். எங்கள் ஊரில் ஆடுவது புட்பால், உங்கள் ஊரில் ஆடுவது பூட்பால் என்று ஆவ் சட்டென்று பதில் சொன்னதாகக் கூறுவார்கள். அந்த மனிதர் பிறகு தம் நாகர் மலைக்கே திரும்பி டாக்டராக ஊழியம் செய்தார்.

1951 மார்ச்சில் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா. கடைசிப் பந்தயத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால். பிரதம மந்திரி நேரு மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் விழுந்தது அடி! யுகோஸ்லாவியாவிடம் 10-1. குளிர் பிரதேசம், வெறுங்காலுக்கு ஒத்துவரவில்லை. ஊர் திரும்பியதும் இனிப் பூட்ஸ் கட்டாயம் என்று சம்மேளனம் உத்தரவு போட்டது. வெறுங்கால் சகாப்தம் அதோடு முடிந்தது.

ஒரு வாத்தியாரும் இரண்டு தமிழரும்

ஐதராபாத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பெயர் சையத் அப்துல் ரகீம். 1951 தங்கக் கோஷ்டிக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். ஹெல்சிங்கி தோல்வியைக் கண்டு அவர் மூலையில் உட்காரவில்லை. ஐரோப்பியர் ஆடும் முறைகளைக் கவனித்தார். நம் பையன்களின் உடல் வாகுக்கு ஏற்றபடி மாற்றினார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு வித்தை காட்டாதே, தோழனுக்குச் சட்டென்று கொடு என்று கற்பித்தார்.

அவர் கண்டெடுத்த பையன்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. வீட்டில் வறுமை. பையனுக்குக் கால்பந்துப் பைத்தியம். பூட்ஸ் வாங்கப் பணம் ஏது? தாயாரிடம் அழுது அடம் பிடித்துச் சில்லறை வாங்கிக்கொண்டு போய், செருப்புத் தைப்பவரிடம் போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸ் தோலில் ஒரு ஜோடி செய்து வாங்கினார். பயிற்சிக்கு வந்து போக வண்டிச் சத்தம் இல்லை என்று பலராம் தயங்கியபோது, ரகீம் அவருக்கு வாடகைச் சைக்கிள் ஏற்பாடு செய்தார்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். ஐதராபாத்தில் பிறந்த இவர் பட்டாளத்தில் சேர்ந்து நீலகிரிக்கு வந்தார். ஆம்! நம் திருப்பூருக்கு மேற்கே தெரிகிற மலைதான். அங்கே வெலிங்டனில் இருக்கிறது மெட்ராஸ் ரெஜிமெண்ட் தலைமையகம். அந்தப் பட்டாளக் கோஷ்டி 1955லும் 1958லும் டில்லியில் டுராண்ட் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. முதலில் கோல் போடும் ஆட்டக்காரராக இருந்த தங்கராஜ், பிறகு கோல் காப்பவராக மாறினார். 1958இல் ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் எடுத்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இவ்விருவரும் இருந்தார்கள். இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா என்ற பம்பாய்க்காரர் ஒருவரே மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை. அரை இறுதியில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை இந்தியா போட்டபோது, ஹெல்சிங்கிப் பழி தீர்ந்தது என்றே தோன்றியது. ஆனால் 4-1 என்று முடிந்தது. நாலாவது இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அதற்கு மேல் ஏறியதே இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெரு நாட்டுக்கும் எதிராக பலராம் கோல் போட்டார். பிரான்ஸ் நாட்டோடு 1-1 என்று சமன் செய்தோம். தமிழ்நாட்டு ஆட்டக்காரர் சைமன் சுந்தர்ராஜும் அந்தக் கோஷ்டியில் உண்டு. 1973இல் கேரளம் முதல் தடவையாகச் சந்தோஷ் டிராபி வென்றபோது அதற்குப் பயிற்சி அளித்தவர் இவரே. அதன் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

1962 செப்டம்பர் 4. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு விழாவின் கடைசிப் பந்தயம். எதிரி தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே கோஷ்டி.

மைதானத்தில் ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிர்! இஸ்ரேலையும் தைவானையும் விழாவுக்கு வரவிடாததை நம் நாட்டு அதிகாரி சோந்தி கண்டித்திருந்தார். அதனால் ஊரே கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் கண்ணில் படாமல் தரையில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போனார்களாம்! தேசிய கீதம் இசைத்தபோதும் கூட்டம் கூச்சல் போட்டது.

கோஷ்டியின் நிலைமையோ இன்னும் மோசம். பின்காவலர் ஜர்னயில் சிங்குக்கு முந்தைய பந்தயம் ஒன்றில் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்தார். எல்லாரையும் விட மோசமான நிலையில் இருந்தவர் ரகீம். அவருக்குப் புற்றுநோய். முந்தின இரவு ஆட்டக்காரர்களை அழைத்து, நாளைக்கு எனக்கு ஒரு வெகுமதி தாருங்கள், தங்கத்தை வென்று தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ரகீம் ஒரு தந்திரம் செய்தார். தலைக் கட்டோடு இருந்த பின்காவலர் ஜர்னயிலை முன்வரிசைக்கு அனுப்பினார்! 17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20வது நிமிஷம் ஜர்னயில் சிங் ஒரு கோல். கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1! காப்டன் சுனி கோஸ்வாமியின் கோஷ்டிக்குத் தங்கம். அந்த லட்சம் பேர் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கை தட்டிய ஒரு சிறு கும்பலும் இருந்தது. அவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள்!

1963 ஜூன் 11ஆம் தேதி ரகீம் காலமானார். பலராமுக்கு நுரையீரல் நோய் வந்து, அதே ஆண்டு 27 வயதுக்குள் ஆட்டத்தை விட்டார்.

பிறகு என்ன ஆயிற்று?

1964இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக்கில் வெண்கலம். அவ்வளவுதான். பிறகு நீண்ட சரிவு.

ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். ஜகார்த்தாவில் நாம் ஜப்பானை 2-0 என்று வென்றோம். ஜப்பான்காரர்கள் ஜெர்மனியிலிருந்து பயிற்சியாளரை வரவழைத்தார்கள். 1965இல் எட்டுக் கம்பெனிகளின் தொழிலாளர் கோஷ்டிகளைச் சேர்த்து நாடு தழுவிய லீக் பந்தயம் தொடங்கினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்கள்! நம் நாட்டிலோ 70 நிமிஷப் பந்தயங்களே வெகுகாலம் நடந்தன. உலகமெல்லாம் 90 நிமிஷம் ஆடியது. நாடு தழுவிய லீக் நமக்கு வந்தது 1996இல். கம்பெனி கோஷ்டிகளை வைத்தே ஜப்பான் மேலே வந்தது என்பதைப் படித்தபோது, நம் ஊரில் எத்தனை கம்பெனிகள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சரிவிலும் நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். காப்டன் சுனில் சேத்ரி 2024இல் ஓய்வு அறிவித்தபோது இந்தியாவுக்காக 94 கோல் போட்டிருந்தார். 2018 ஜூனில் பம்பாயில் நடந்த ஒரு பந்தயத்தைப் பார்க்க மூவாயிரம் பேர் கூட வரவில்லை. சேத்ரி கை கூப்பினார். எங்களைத் திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் ஜனங்களைக் கெஞ்சினார். அடுத்த பந்தயத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுப் போயிற்று. கொட்டும் மழையில் கென்யாவை 3-0 என்று வென்றார்கள். அது சேத்ரிக்கு நூறாவது பந்தயம்.

2025 அக்டோபரில் ஆண்கள் கோஷ்டி சிங்கப்பூரிடம் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்று, அடுத்த ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அதே ஆண்டு ஜூலையில் பெண்கள் கோஷ்டி தாய்லாந்தை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கடலூர் இந்துமதி போன்ற தமிழ்ப் பெண்கள் ஆடி வளர்த்த கோஷ்டி அது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் சகோதரிகள் இந்தச் சேதியைத் தங்கள் பெண் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

இதில் பாதியைத்தான் அன்று கடையில் அந்தப் பையனிடம் சொன்னேன். பலராம் என்ற தமிழ்ப் பிள்ளை பழைய போலீஸ் பூட்ஸில் ஆடிப் பழகியதைச் சொன்னபோது, அவன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பலராம் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த பிப்ரவரி 16ஆம் தேதி காலமானார்.

கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் உள்ளே போனார். மூட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. நீலச் சட்டை ஒன்றோடு திரும்பி வந்து தூசி தட்டினார்.

"இது ஒண்ணுதானுங்க இருக்குது. பெரிய ஆள் சைசு."

தகப்பனார் வாங்கிப் பார்த்தார். பையனின் தோள் மேல் வைத்து அளந்தார். ஓரத் தையலை விரலால் நீவிப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க. ஓவர்லாக்குல ரெண்டு பக்கமும் புடிச்சுக்கறேன்" என்றார்.